எந்த வழியில் போனாலும் பரோட்டாக்கடை

— செவப்பு வந்துட்டுல்லா மாமா, பொறவு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? மலையேறும்போது என்ன சொன்னிய? செவப்புப் பூ வந்தா நான் சொன்னபடி கேமுக்கு மூணு முடிவு. வெள்ள வந்தா நீங்க சொன்னபடி ஒரே முடிவு. முருகன் செவப்பக் குடுத்துட்டான். அவ்வளவுதான்.

— நான் மாட்டேன்னு சொன்னனாட்டி? மூணு முடிவும் வச்சுக்கோ. தம்பி உமாசங்கரு, நீ ரோட்டப் பாத்து ஓட்டு.

— ரோட்டத்தான் பாக்கேன் அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்த சண்ட போடாம சரிங்கியளே, அதான் எனக்குப் பயமா இருக்கு. முக்குல எங்கன திரும்ப? செங்கோட்டை வழியா குத்தாலம் போகவா, அச்சன்புதூர் சுத்திப் போகவா?

— உன் இஷ்டம்டே. எப்படிப் போனாலும் நம்ம கடை வாசல்லதான் நிறுத்தணும்.

— பாத்தியளாக்கா? அண்ணாச்சி ரோட்டுக்கும் அதே டிசைன்தான் வச்சிருக்காவ.

— சிரிக்காத உமா. இதுக்குத்தான நான் இவ்வளவு நாளா தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன். காசு போட்டவர் மாமா. கத எழுதுனவ நான். அத கம்ப்யூட்டர்ல ஓட வச்சவன் நீ. யாரு பேச்ச எடுக்கன்னு சண்ட வந்தா, மத்த ஊர்ல நாலு பேர விளையாட விட்டுப் பாத்து முடிவெடுப்பான். நாம பண்பொழி மலையேறி, வெள்ள ஒண்ணு செவப்பு ஒண்ணுன்னு ரெண்டு அரளிப்பூவ தனித்தனி காகிதத்துல மடிச்சு, சாமி காலடியில வச்சு, யாரோ பெத்த பிள்ளைய விட்டு ஒண்ண எடுக்கச் சொல்லுதோம்.

— அந்தக் கொல்லத்துப் பிள்ளைய சொல்லாதிய அக்கா. "ஏது வேணம் அங்கிளே"ன்னு மலையாளத்துல கேட்டுட்டு டக்குனு எடுத்துட்டு. நம்ம கேம விளையாடுதவனெல்லாம் ஒரு பட்டன அமுக்க அர மணி நேரம் யோசிக்கான்.

— யோசிக்கட்டும்லே. யோசிக்கத்தான் அது. என் மாடத்தி கதையில எத அமுக்குனாலும் அதுக்குத் தக்கன அவ வாழ்க்க மாறும். கீழப்பாவூர்ல வயல் இருக்கு, மெட்ராஸ்ல நர்ஸ் வேல இருக்கு, கட்டிக்கிடுதேன்னு ஒருத்தன் வாசல்ல நிக்கான். அவ எங்க போகணும்னு விளையாடுதவங்கதான் சொல்லணும். நான் சொல்லப்பிடாது, மாமாவும் சொல்லப்பிடாது.

— நான் ஒரு கேள்வி கேக்கேன் பிரியா. ஒரு முடிவுல மாடத்தி வயக்காட்டுல நிக்கா. சரி. இன்னொண்ணுல ரயிலேறிப் போறா. அதுவும் சரி. மூணாவதுல ஒருத்தனையும் கட்டாம, எங்கயும் போவாம, ஐந்தருவியில போயி நனைஞ்சுக்கிட்டே நிக்காளே, அது என்ன எழவுட்டி? மாத்துத் துணியாவது கொண்டு போனாளா?

— அது சுதந்திரம் மாமா.

— சளி புடிக்கும்.

— உங்க முடிவு மட்டும் ரொம்ப ஒழுங்கோ? எத அமுக்குனாலும் மாடத்தி பசியோட குத்தாலத்துக்கு வருவாளாம். பிச்சைமணி பரோட்டா ஸ்டால்ல வயிறு நெறைய சாப்புடுவாளாம். முதலாளி அவ முகராசியப் பாத்து கல்லாவுல உக்கார வைப்பாராம். சுபமாம். இத ஒரு மனுசன் காசு குடுத்து வாங்கி விளையாடுவானா?

— கடை போர்டுல லைட்டு மினுக் மினுக்குனு எரியும்க்கா. அது நல்லாத்தான் வந்திருக்கு.

— வந்திருக்கா? நீ பண்ணியே வச்சிருக்கியா?

— சும்மா டெஸ்டிங்குக்கு... அண்ணாச்சி கேட்டாவ... பரோட்டாவுல ஆவி பறக்குத மாதிரி மட்டும் லேசா...

— வெளங்கும். மூணாவது முடிவுல அருவித் தண்ணி கல்லு மாதிரி நிக்கி, அதச் சரி பண்ணுலேன்னு ஒரு மாசமா கெஞ்சுதேன். இவன் பரோட்டாவுக்கு ஆவி விட்டுக்கிட்டு இருக்கான்.

— அவன ஏசாதட்டி. நீ படிச்சவ, உனக்கு யாவாரம் தெரியாது. கடைக்கு வருதவன் என்ன இருக்குன்னு கேப்பான். நம்ம சர்வர் சலீம் மூச்சு விடாம இருவது ஐட்டம் சொல்லுவான். வந்தவன் தாடையத் தடவி யோசிச்சு, இடியாப்பம்பான். இப்பத்தான் சார் தீந்துது. அப்ப ஆப்பம். மாவு புளிச்சிட்டு சார். சரி, சப்பாத்தி? இருவது நிமிசம் ஆகும் சார். கடைசில அவனே அவன் வாயால சொல்லுவான், ரெண்டு பரோட்டா போடுப்பான்னு. நாம வற்புறுத்துனோமா? கேட்டான், குடுத்தோம். அவனும் நாமதான் முடிவு பண்ணுனோம்னு சந்தோசமா கை கழுவிட்டுப் போறான்.

— உங்க கடையில இடியாப்பம் புழிய அச்சே கெடையாது மாமா.

— அச்சு எதுக்கு? சொல்லுததுக்கு வாய் போதும்லா.

— இதேதான்! மெட்ராஸ்ல நான் பாத்த கம்பெனிலயும் இதேதான். சக்கரத்தச் சுத்து, பரிசு விழும்னு ஒரு கேமு. சக்கரம் எங்கன நிக்கும்னு நாங்க முன்னாலயே முடிவு பண்ணி வச்சிருப்போம். பரிசுக்குப் பக்கத்துக் கட்டத்துல போயி நிக்கும். சுத்துனவன், ஐயோ மயிரிழையில போச்சேன்னு மறுபடி சுத்துவான். தாங்க முடியாமத்தான அந்த வேலைய விட்டுட்டு தென்காசிக்கு வந்தேன். ஒரு கேமாவது ஏமாத்தாம பண்ணணும்னு வந்தேன். ஒரு பொம்பளப் பிள்ளைக்கு நெசமாவே மூணு வழி தொறந்திருக்குன்னு ஒரு இடத்துலயாவது காட்டணும்னு வந்தேன்.

— அக்கா இதச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிரும் அண்ணாச்சி.

— எனக்கு யாருடே மூணு வழி தொறந்து வச்சா? நானும் பம்பாய்க்குப் போறதா பெட்டியக் கட்டுனவன்தான். எங்கப்பா பெட்டிய வாங்கி அடுப்படியில வச்சுட்டு, என்னய கல்லாவுல உக்கார வச்சாரு. இன்னிக்கு வர உக்காந்திருக்கேன். கெட்டா போயிட்டேன்?

— கெட்டுப் போகல மாமா. ஆனா அந்தப் பெட்டிய இன்னும் பரண்ல வச்சிருக்கிய.

— சவத்த விடு. பழைய பேச்சு எதுக்கு? மூணு முடிவும் உனக்குத்தான்னு சொல்லிட்டேன்லா.

— அப்ப இன்னிக்கே எழுதிக் குடுத்துருவியளா?

— எழுதித் தாரேன். ஒரே ஒரு சின்னத் திருத்தம்.

— வந்துட்டுய்யா. அதான பாத்தேன்.

— கேமு எந்த முடிவுக்குப் போனாலும் சரி, அதுக்குப் பொறவு முருகன் வரணும்.

— எந்த முருகன்?

— எத்தன முருகன்ட்டி இருக்கான்? இப்பக் கும்பிட்டுட்டு வந்தமே, அவன்தான். மாடத்தி வயலுக்குப் போனாலும், ரயிலேறுனாலும், அருவில நின்னு தும்முனாலும், மயில் வந்து எறங்கணும். முருகன் அவ தலையில கைய வச்சு, "நீ எடுத்த முடிவெல்லாம் நான் எடுத்த முடிவு"ன்னு சொல்லணும். சுபம்.

— அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க, மயிலுன்னா தோகையில ஒவ்வொரு பீலியும் தனித்தனியா ஆடணும். நம்ம கம்ப்யூட்டர் அருவித் தண்ணிக்கே மூச்சு முட்டுது.

— பீலிய நீ பொறவு பாத்துக்கிடலாம் உமா. மாமா, பரோட்டாக்கடைய விட்டுட்டு திடீர்னு முருகன எதுக்குப் புடிச்சிய?

— சொன்னா நம்பமாட்டிய. தம்பி, வண்டிய அந்தப் புளியமரத்துப் பக்கம் ஓரங்கட்டு.

— கட்டிட்டேன் அண்ணாச்சி. சொல்லுங்க.

— நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூதான் வச்சேன்.

— மாமா!

— கத்தாதட்டி. யாவாரி புத்தி. எத எடுத்தாலும் வெள்ள வரட்டும்னு வச்சுட்டேன். தப்புதான்.

— தப்பா? சாமி சன்னிதியில களவாணித்தனமா? உங்களுக்கு வெக்கமா இல்ல? அந்தப் பிள்ள கைய நீட்டும்போது கும்பிட்டுக்கிட்டு நின்னியளே, கண்ணுல தண்ணி வேற! இடியாப்பம் தீந்துட்டுன்னு சொல்லுத புத்திய முருகன்கிட்டயுமா காட்டுவிய?

— அக்கா, ஒரு நிமிசம். லாஜிக் இடிக்குது. ரெண்டும் வெள்ளன்னா, பூசாரி பிரிக்கும்போது செவப்பு எங்கேருந்து வந்துது?

— அதத்தாம்டே நானும் மலையெறங்குன நேரம் முழுக்க யோசிக்கேன். இந்தா, அந்தப் பிள்ள எடுக்காம விட்ட பொட்டலம். பூசாரி என் கையில குடுத்தாரு.

— எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக்கூடாதுல்லா மாமா? குளத்துல விட்டுருங்க. இப்பவே போயி விட்டுருவோம். உமா, வண்டியத் திருப்பு.

— நான் பிரிச்சுட்டேன். இங்க பாரு. இதுலயும் செவப்பு.

— ஐயோ அண்ணாச்சி! எனக்குப் புல்லரிக்குது. ரெண்டு வெள்ளயும் செவப்பாயிட்டா? அக்கா, ஏசி இவ்வளவு ஓடுது, உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?

— ஒண்ணுமில்ல. மலையேறுனது.

— உனக்காக எறங்கி வந்திருக்கான்ட்டி முருகன்! பிச்சைமணி, நீ பிரியாவ ஏமாத்தாதன்னு பூவயே மாத்திட்டான். நான் முடிவு பண்ணிட்டேன். இனிமே வெள்ளிக்கிழம கடையில கோழி கெடையாது. வாசல்ல இந்தக் கதைய எழுதி பெருசா போர்டு வைக்கேன். நான் மொட்ட போடுதேன். நீயும் போடுத.

— நானா?

— உனக்காகத்தான மாத்துனான்? பொறவு யாரு போட? உமாசங்கரா?

— நான் போடுதேன் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு சொல்லணும். சாமியே இவ்வளவு தூரம் எறங்கி வந்ததுக்குப் பொறவு மூணு முடிவு எதுக்கு? எனக்கும் சோலி மிச்சம். மத்தத எல்லாம் அழிச்சுட்டு, மொத சீன்லேருந்தே எத அமுக்குனாலும் நேரா முருகன்கிட்ட போற மாதிரி வச்சுருவோம். அவன் தீர்ப்புக்கு மேல விளையாடுதவன் யாரு?

— நல்லாச் சொன்னடே! கேமு பேரயும் மாத்திருவோம். "எல்லாம் அவன் செயல்."

— ஏலே, அழிக்கப் போறியா? மாடத்தி ரயிலேறுததுக்கு நான் எத்தன ராத்திரி முழிச்சு எழுதியிருக்கேன். அவ டிக்கெட்டக் கையில வச்சுக்கிட்டு அவங்க அம்மாவத் திரும்பிப் பாக்குத சீன எழுதிட்டு நான் அழுதேன்லே.

— அம்மாவ வேணும்னா முருகன் கோயில்ல வச்சுப் பாக்கட்டும்க்கா.

— தம்பி, இங்கனயே சின்னதா ஒரு படம் போட்டுரு. முருகனுக்கு கொஞ்சம் என் மீச மாதிரி...

— நிறுத்துங்க ரெண்டு பேரும்! முருகனும் மாத்தல, மயிலும் மாத்தல. நான்தான் மாத்துனேன்.

— என்னத்த?

— பொட்டலத்த. வீட்டுலயே ரெண்டு செவப்பு அரளிய மடிச்சு எடுத்துட்டு வந்தேன். மூச்சு வாங்குதுன்னு நீங்க மண்டபத்துல உக்காரும்போது, உங்க பொட்டலத்த என் கையில குடுத்தியள்லா, அப்ப மாத்திட்டேன்.

— காகிதம் ஒரே மாதிரி இருந்துதேட்டி.

— நீங்க கடையில பார்சல் மடிக்குத காகிதத்துலதான் கட்டுவியன்னு தெரியும். நேத்து ரெண்டு பரோட்டா பார்சல் வாங்குனேன். அதான்.

— அக்கா! சக்கரத்த விட்டுட்டு வந்தேன்னியளே! ஏமாத்தாம ஒரு கேமாவதுன்னு இப்பத்தான அழுதிய!

— இது வேற உமா! எதிர்ல நிக்குத ஆளு ஏமாத்துனா நாம என்ன செய்ய? மாமா ரெண்டுலயும் வெள்ளதான் வைப்பாருன்னு எனக்குத் தெரியும். இருவது ஐட்டம் சொல்லி பரோட்டா போடுத மனுசன், பூவ மட்டும் ஒழுங்கா வைப்பாரா? இப்ப அவரே ஒத்துக்கிட்டாருல்லா? அவரு களவாண்டத நான் சரி பண்ணுனேன், அவ்வளவுதான். நான் பண்ணது நியாயம்.

— அப்ப நான் கட்டுன பொட்டலத்த நீ பிரிச்சுப் பாத்தியா?

— இல்ல. சாமிக்குன்னு கட்டுனத எப்படிப் பிரிக்கது? குத்தமாயிருமே.

— மாத்தலாம், பிரிக்கக்கூடாது. நல்ல பக்திட்டி. எங்க அந்த ரெண்டும்?

— இந்தா, கைப்பையில இருக்கு. ரெண்டும்.

— தம்பி, வண்டிய எடு. பேசிக்கிட்டே போவோம். எனக்குப் பசிக்கி.

— எந்த வழி அண்ணாச்சி?

— எந்த வழியும். பிரியா, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. எடுக்காத பொட்டலத்துலயும் செவப்பப் பாத்ததுமே எனக்கு விசயம் புரிஞ்சுட்டு. முருகனுக்கு ஆயிரம் சோலி இருக்கு, என் அரளிப்பூவுக்குச் சாயம் அடிக்க அவன் வரமாட்டான். பொட்டலத்தத் தொட்டது நான், நீ, பூசாரி, அந்தக் கொல்லத்துப் பிள்ள. பூசாரிக்கும் பிள்ளைக்கும் மாடத்தி யாருன்னே தெரியாது. உன் வாயால வரட்டும்னுதான் மயில எறக்குனேன்.

— அப்ப மொட்ட போடுதேன்னது, வெள்ளிக்கிழம கோழி...

— கோழிய நிறுத்துனா கடைய எவன்டே நடத்த?

— கெட்டிக்காரத்தனமாத்தான் கேட்டிய மாமா. சரி. நான் பண்ணுனதச் சொல்லிட்டேன். நீங்களும் ரெண்டு வெள்ள வச்சதச் சொல்லிட்டிய. ஆளுக்கு ஒரு களவு. கணக்கு சரியாயிட்டு. இனி உக்காந்து நேர்மையாப் பேசுவோம்.

— பேசுவோம். உனக்குத்தான் வழி நெறைய இருக்கணுமே, நான் இப்ப ரெண்டு வழி தாரேன். நெசமான வழி. உமாசங்கரு சாட்சி. ஒண்ணு, அந்த ரெண்டு பொட்டலத்தயும் பிரிக்காம குத்தாலத்து ஆத்துல விட்டுருவோம். வயலும் ரயிலும் உனக்கு, மூணாவது முடிவு என் கடைக்கு. பாதிக்கு மேல உன் பக்கம்.

— அருவி போயிருமே.

— சளி போச்சுன்னு நெனச்சுக்கோ. ரெண்டாவது வழி, இப்பவே பிரிச்சுப் பாரு. ரெண்டும் வெள்ளயா இருந்தா நான் களவாணி. உன் மூணு முடிவும் அப்படியே உனக்கு. அருவியில அவ எத்தன நாள் வேணும்னாலும் நிக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்படி இல்லன்னா, எத அமுக்குனாலும் மாடத்தி என் கடைக்கு வருவா.

— அக்கா, மொத வழிய எடுங்க. எனக்கு இது சரியாப் படல. அண்ணாச்சி சிரிக்கவே இல்ல, பாருங்க.

— நீ சும்மா இருலே. இதும் அவரு சர்வர் வேலதான். ஆப்பம் புளிச்சிட்டுன்னு சொல்லி மூணாவது முடிவ பரோட்டாவாக்கப் பாக்காரு. பயந்து பாதியில நான் ஏன் நிக்கணும்? ரெண்டும் வெள்ளன்னு அவரு வாயாலயே சொன்னாருல்லா. மாமா, பொறவு பேச்சு மாறமாட்டியள்லா?

— நான் மாறமாட்டேன். யாரும் உன்னக் கட்டாயப்படுத்தல. நல்லா யோசிச்சுக்கோ.

— யோசிச்சாச்சு. ரெண்டாவது வழிதான். பிரிக்கேன்.

— அண்ணாச்சி, கடை வந்துட்டு. நிறுத்தவா?

— நிறுத்து. எறங்காதிய ரெண்டு பேரும். பிரிட்டி.

— இந்தா. மொதப் பொட்டலம் வெள்ள. பாத்துக்கோ உமா, நான் சொன்னேனா இல்லையா? வெள்ள!

— மத்தது?

— இருங்க, இறுக்கி மடிச்சிருக்கிய... ம்...

— என்னக்கா? சொல்லுங்க. மத்தது என்ன?

— செவப்பு.